டெபாசிட் ஜெயக்கொடி பேரில்

சிங்கவரத்தில் தாண்டவராயன் வீட்டில் எதை வாங்கினாலும் ஜெயக்கொடி பேரில்தான் வாங்குவார்கள். கல்யாணமான புதிதில் அவன் தன் கையால் ஒரு ஆடு பிடித்து வந்தான். மாசம் திரும்பவில்லை, வயிறு உப்பிச் செத்துப்போனது. அடுத்த ஆட்டுக்குக் காசைப் பெண்டாட்டி கையில் கொடுத்து அவளையே சந்தைக்கு அனுப்பினான். அது இரட்டைக் குட்டி போட்டது. அதற்கப்புறம் அவனிடம் யாரும் வாதம் பண்ண முடியவில்லை. வீட்டு மனை அவள் பேரில். மனையில் கட்டின மெத்தை வீடு அவள் பேரில். கலவை மெஷின் வாங்கின பில்லில் அவள் பேர். கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கிவிட்டதால் ஒரு பழைய வண்டி மட்டும் அவன் பேரில் இருந்தது. அது வழியில் நின்றுபோகும்போதெல்லாம், பேர் மாற்றாததுதான் காரணம் என்பான்.

அதனால்தான் போஸ்ட் ஆபீஸில் சேமிப்புப் பத்திரம் வாங்கப் போனபோதும் யோசிக்காமல் ஜெயக்கொடியைக் கூட்டிப் போனான். அவள் ஆதார் அட்டையை நீட்டினாள், கையெழுத்துப் போட்டாள், பத்திரம் அவள் பேரில் வந்தது. திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தார்கள். கான்ட்ராக்டர் ஆவதற்குண்டான பெரிய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அந்தப் பத்திரம் எதற்கு என்று சொல்ல வேண்டும். தாண்டவராயன் மேஸ்திரி. அவனோடு எட்டு ஆட்கள். பஞ்சாயத்து யூனியன் விடுகிற சிறுபாலம், வடிகால், சிமெண்ட் ரோடு, அங்கன்வாடிக் கட்டடம் இதெல்லாம் அவர்கள் கை வேலை. ஆனால் டெண்டர் போடுவது செஞ்சி டவுனில் இருக்கும் அரங்கநாதன். அவர் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர். வேலை அவர் பேரில் வரும், இவர்கள் செய்து முடிப்பார்கள், அவர் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். திறப்பு விழாப் பலகையில் அவர் பேர் இருக்கும். இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பங்கை முன்னப்பின்னப் பிடித்தவரும் இல்லை, கூலியைத் தள்ளிப்போட்டவரும் இல்லை அவர்.

ஜெயக்கொடிக்குத் தளவானூர் பிறந்த ஊர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவோடு செஞ்சிக்குச் சித்தாள் வேலைக்கு வந்தாள். கொத்தனாராக இருந்த தாண்டவராயனுக்குக் கலவைச் சட்டி நீட்டியவள், அந்த வருஷமே அவனைக் கட்டிக்கொண்டாள். இப்போது சட்டி தூக்குவதில்லை. எவன் வந்தான், எவன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வரவில்லை, சிமெண்ட் எத்தனை மூட்டை இறங்கியது, ஜல்லி லாரிக்காரன் எங்கே ஏமாற்றினான், எல்லாம் அவள் பார்ப்பாள். ஊரில் மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. ஆட்கள் மேஸ்திரிக்குப் பயப்பட மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பையோடு வந்து உட்காரும் ஜெயக்கொடிக்குப் பயப்படுவார்கள்.

போன தை மாசம் அரங்கநாதன் கூப்பிட்டு அனுப்பினார். முட்டிவலி தாங்கவில்லை, ஓசூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன், இந்த வருஷம் பதிவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றார். அவர் பேர் போனால் இவர்களுக்கு யூனியன் வேலை கிடையாது. தனியார் வீட்டு வேலையை நம்பலாம் என்றால், செஞ்சிக் கோட்டை ஓரமாக ஒத்துக்கொண்ட ரெண்டு வீடும் அப்படியே நிற்கிறது. கோட்டையை ஒட்டி நூறு மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது. அதைத் தாண்டியும் இன்னொரு இருநூறு மீட்டருக்குத் தொல்லியல் அனுமதி வேண்டும். அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். கம்பி துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

"நீயே பதிஞ்சுக்கடா. கான்ட்ராக்டருல கடைசி வகுப்புல பதிஞ்சா போதும், சின்ன வேல எல்லாம் எடுக்கலாம்" என்றார் அரங்கநாதன். டெபாசிட் கட்ட வேண்டும், அதைப் போஸ்ட் ஆபீஸ் பத்திரமாக வாங்கி யூனியன் பேருக்கு ஈடு வைக்கலாம், கையில் காசு இருக்கும்போதே வாங்கிவிடு, இல்லாவிட்டால் கரைந்துபோகும் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது எல்லாம் சரி. யார் பேரில் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எந்த மனுஷனுக்குத் தோன்றும்?

யூனியன் ஆபீஸில் பதிவு வேலையைப் பார்ப்பவர் தமிழினி. சின்ன வயசு, பொறுமைசாலி. தாண்டவராயன் நீட்டின காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் பத்திரத்தில் நின்றார்.

"விண்ணப்பம் தாண்டவராயன். பத்திரம் ஜெயக்கொடின்னு இருக்குதே?"

"எங்க வூட்டுல அதுதாங்க மேடம். என் பொண்டாட்டி."

"அது சரிங்க. நாளைக்கி வேலைய பாதியில வுட்டுட்டு நீங்க போயிட்டா நாங்க உங்க பணத்ததான் புடிக்கணும். நீங்க செஞ்ச தப்புக்கு அவங்க பணத்த எப்படிங்க புடிக்கிறது?"

நான் எங்கே விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று தாண்டவராயனுக்கு ரோஷம் வந்தது. தமிழினி அதற்குக் கோபப்படவில்லை. பதிவு கேட்பவர் யாரோ அவர் பேரில்தான் பத்திரம் இருக்க வேண்டும், மாற்றி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

போஸ்ட் ஆபீஸுக்கு ஓடினான். அங்கே இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இது அஞ்சு வருஷப் பத்திரம், நடுவில் உடைக்க முடியாது, புருஷன் பேருக்கு மாற்றவும் முடியாது என்றார். ஆள் செத்துப்போனால் மட்டும் பணம் எடுக்கலாம், இல்லையென்றால் கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்று அவர் விவரமாகச் சொன்னதைத் தாண்டவராயன் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டான்.

இன்னொரு பத்திரம் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. சரி, கடன் வாங்கியாவது பார்க்கலாம், அதற்குள் சொத்து மதிப்புச் சான்றையாவது வாங்கி வைப்போம் என்று கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தான். பதிவுக்கு அதுவும் வேண்டும். இவனுக்கு இவ்வளவு சொத்து இருக்கிறது, ஓடிப்போக மாட்டான் என்று தாசில்தார் கொடுக்கும் சான்று. கிராம நிர்வாக அலுவலர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். அப்பா வழி நிலம் பங்கு பிரிக்காமல் பெரியப்பா பேரில் கிடந்தது. மனை, வீடு ரெண்டும் ஜெயக்கொடி. உங்க பேரில் இன்னா இருக்குது என்று அவர் கேட்டார். தாண்டவராயன் ரொம்ப நேரம் யோசித்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே உட்கார்ந்தான். ஜெயக்கொடி இன்னா ஆச்சு என்று கேட்டாள்.

"இருவது வருசமா செங்கல்லு அடுக்குறேன். கவர்மெண்டு கணக்குல என் பேர்ல இருக்கிறது ஒரு வண்டி. அதுக்கும் இன்சூரன்ஸ் முடிஞ்சிபோச்சாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

சிரிக்கும் நேரமும் இல்லை அது. மேல்சித்தாமூர் பக்கம் ஒரு வடிகாலும் சிறுபாலமும் தனித்தனி டெண்டராக வந்திருந்தது. மூன்று வாரத்தில் முடிகிறது. அதைப் பிடித்தால் ஆட்களுக்கு ரெண்டு மாசத்துக்குக் குறையாமல் வேலை. பிடிக்காவிட்டால் கோஷ்டி கலைந்துவிடும். கம்பி கட்டுகிற ரஞ்சித் பெங்களூருக்கு ஆள் எடுக்கிறார்களாம் என்று ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தான். அவன் போனால் அவனோடு கம்பி கட்டுகிற குருவும் போவான். அவர்கள் ரெண்டு பேரும் இல்லாமல் பாலத்துக்குத் தளம் போட முடியாது. கலைந்த கோஷ்டியை மறுபடி சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று சனிக்கிழமைப் பையைத் தூக்குகிறவளுக்குத் தெரியும்.

விஷயம் ஆட்களுக்கு எட்டியது. டவுனில் ஒரு வீட்டுக்குக் கழிவறை கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஜெயக்கொடி சோறு கொண்டுவந்த வேளையில் தாண்டவராயன் நடந்ததைச் சொன்னான். பத்திரம், வீடு, மனை எல்லாம் அவள் பேரில் இருக்கிறதாமே என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். சித்தாள் சின்னப்பொண்ணு மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"பேசாம அக்காவையே கான்ட்ராக்டரா போட்டுடு மேஸ்திரி. இப்பவும் கூலிக்கு உன் மூஞ்சியவா பாக்குறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். தாண்டவராயன் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்தான். அவளும் சிரிக்கவில்லை. அந்த யோசனை முந்தின நாளே அவளுக்கு வந்துவிட்டது. பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அவளுடைய பயம் வேறு. மகளிர் குழுவில் கடன் எடுத்தால் எல்லாரும் ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு. ஒருமுறை ஒருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள். அவள் பங்கை மற்றவர்கள் சேர்ந்து கட்டினார்கள். தலைவி என்பதால் ஜெயக்கொடி கூடவே கட்டினாள். கையெழுத்து என்றாலே அவளுக்கு அந்த ஞாபகம்தான் வரும். யூனியன் வேலையில் கையெழுத்துப் போட்டு, பாலத்தில் ஒரு விரிசல் வந்தால், பத்திரத்தோடு போகுமா, வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்களா? தாண்டவராயனைக் கேட்டால் அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்பான். ஆட்டுக்கும் அப்படித்தான் சொன்னான்.

மறுநாள் புருஷனிடம் ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி யூனியன் ஆபீஸுக்குத் தனியாகப் போனாள். தமிழினி மேசைக்கு எதிரில் நின்று, தான் யார் என்று சொன்னாள். அந்தப் பத்திரத்துக்காரம்மாவா என்று தமிழினி நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜெயக்கொடி சுற்றி வளைக்கவில்லை. இந்த டெபாசிட்டை எதற்கு வாங்குகிறீர்கள், எப்போது திருப்பித் தருவீர்கள், எப்போது தர மாட்டீர்கள், இந்த மூன்றையும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றாள்.

தமிழினி சொன்னார். பதிவுக்குக் கொடுக்கும் பத்திரம் கட்டணம் இல்லை. பதிவு இருக்கும்வரை யூனியன் கைவசம் ஈடாக இருக்கும். வட்டி அதுபாட்டுக்கு ஏறும். பதிவை விட்டு விலகி, பாக்கி எதுவும் இல்லையென்றால் திரும்பிவிடும். டெண்டர் போடும்போது தனியாக ஒரு முன்பணம் வைக்க வேண்டும், வேலை கிடைக்காவிட்டால் அது திரும்ப வரும். வேலை கிடைத்தால் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் பிடித்துவைப்பார்கள். முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஏதாவது உடைந்தால், பெயர்ந்தால் வந்து சரிசெய்து தர வேண்டும். தந்துவிட்டால் பிடித்த பணமும் வந்துவிடும். கூப்பிட்டும் வராமல் போனால்தான் அந்தப் பணத்தை எடுத்து வேறு ஆளை வைத்துச் செய்வார்கள், பேரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

நிறைய பேர் இதை நமக்கு நாமே போடுகிற இன்சூரன்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறார்கள், அப்படி இல்லை என்றார் தமிழினி. உங்களுக்கு நஷ்டம் வந்தால் இதிலிருந்து ஒரு பைசா வராது. நஷ்டம் ஊருக்கு வந்தால்தான் இதைத் தொடுவோம்.

ஜெயக்கொடி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"குழுவுல எவளோ ஒருத்தி கட்டாததுக்கு நான் கட்டியிருக்கேன். இதுல என் வேல கெட்டுப்போயி, நானும் வந்து சரிபண்ணலன்னாத்தான் என் பணம் போவும். அடுத்தவ தப்புக்குப் போவாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதாங்க்கா. ஒண்ணு மட்டும். உங்க பேர யாருக்கும் வாடகைக்கு வுட்டுடாதீங்க. வேற ஆளு செஞ்சி கெடுத்தாலும் நாங்க உங்களத்தான் கூப்புடுவோம்."

வெளியே வந்ததும் அவளுக்குப் பசித்தது. ரெண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவள் எதிர்க்கடையில் நின்று ரெண்டு போண்டா தின்றாள், மூன்றாவதும் கேட்டு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் நேராகவே சொன்னாள். என் பேரில் பதிந்துகொள்கிறேன். சொத்துச் சான்று எனக்குக் கிடைக்கும், பத்திரம் ஏற்கெனவே என் பேரில் இருக்கிறது, கடைசி வகுப்புப் பதிவுக்கு இதற்கு முன்னால் என்ன வேலை செய்தாய் என்ற கணக்கும் கேட்பதில்லை. ஆனால் பேர் என்னுடையது என்றால் நான் நிறுத்தச் சொன்னால் வேலை நிற்க வேண்டும். சிமெண்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எவனாவது சொன்னால், அவன் நீயாகவே இருந்தாலும், நான் சம்மதிக்க மாட்டேன். இது ஒத்துவருமா, யோசித்துச் சொல்லு என்றாள்.

தாண்டவராயன் எழுந்து வாசலுக்குப் போனான். பங்காளி வகையில் செல்லப்பன் என்று ஒருத்தன், டீக்கடையில் ஏற்கெனவே வாயை விட்டிருந்தான், தாண்டவராயன் இனிமேல் பெண்டாட்டியிடம் கூலிக்கு நிற்கப்போகிறான் என்று. அது இவன் காதுக்கும் வந்திருந்தது. ஜெயக்கொடிக்கும் அது தெரியும். அவன் என்ன சொல்வானோ என்று அரிசியைக் களைகிற மாதிரி தண்ணீரையே களைந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"இத்தினி நாளு அரங்கநாதன் பேர்ல செஞ்சேன். அப்ப வராத ரோசம் உன் பேர்ல செய்யறப்ப எதுக்கு வரணும்?"

அப்புறம், சிமெண்டைக் குறைக்கிறவன் என்று என்னைச் சொன்னாயே, அது கொஞ்சம் அதிகம்தான் என்றான். சொல்லிவைத்தேன், குறைத்தாய் என்று சொல்லவில்லை என்றாள் அவள். அதோடு விட்டார்கள்.

பிறகு ஓட்டம்தான். இ-சேவை மையத்தில் வரிசை, பான் கார்டு, ஜி.எஸ்.டி. பதிவு, போட்டோ. வருவாய் ஆய்வாளர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவர் நேராக இருக்கிறதே, யார் கட்டியது என்று கேட்டார். தாண்டவராயனுக்கு அன்றைக்குத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. சான்று வந்தது. போஸ்ட் ஆபீஸில் பத்திரத்தை யூனியன் பேருக்கு ஈடு எழுதிக் கொடுத்தார்கள். போன தடவை உடைக்க முடியாது என்று சொன்ன அதே மனிதர்தான் முத்திரை குத்தினார். உடைக்க முடியாததாக இருப்பதால்தான் ஈடு வைக்க ஏற்றது என்று அவரும் ஒரு விளக்கம் சொன்னார்.

கடைசியாக யூனியன் இன்ஜினியர் கூப்பிட்டார். இப்படிப் பெண்கள் பேரில் வரும் விண்ணப்பங்களில் பாதி சும்மா கையெழுத்துக்குத்தான் என்பது அவருடைய அனுபவம். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"வேல நீங்க செய்வீங்களாம்மா, உங்க வீட்டுக்காரரா?"

தாண்டவராயன் பக்கத்தில்தான் நின்றான். இவள் எல்லாம் நான்தான் செய்வேன் என்று ஏதாவது பெரிதாகச் சொல்லி, அவர் கேள்வி கேட்டு, மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தான்.

"கட்டுறது அவரு சார். எனக்கு பிளான் படிக்கத் தெரியாது. ஆளு, சாமான், கணக்கு நான் பாத்துக்குவேன். எதுனா சரியில்லன்னா நீங்க போன் போட வேண்டியது எனக்கு."

இன்ஜினியர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பதில் அவருக்குப் பழக்கமில்லை போல. போன் நம்பர் எழுதியிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டார்.

பதிவு ஆணை வரும்போது டெண்டருக்குச் சில நாள்தான் பாக்கி. அரங்கநாதனே ஓசூரிலிருந்து போனில் எந்த வேலைக்கு எவ்வளவு போடலாம் என்று உட்கார்ந்து கணக்குச் சொன்னார். முன்பணத்தைக் கைமாற்றாக வாங்கிக் கட்டி, அவரைக் கேட்டும் கேட்காமலும் ஜெயக்கொடி ஒரு தொகை போட்டாள். பாலம் கிடைக்கவில்லை. திண்டிவனத்துக்காரர் ஒருவர் இவளைவிடக் குறைத்துப் போட்டிருந்தார். டெண்டர் திறந்த அறையில் அதைக் கேட்டதும் தாண்டவராயன் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆனால் வடிகால் தனி டெண்டர். அதை வாசித்தபோது முதலில் வந்த பேர் ஜெயக்கொடி, சிங்கவரம். அவனுக்குக் காது அடைத்துப்போய் அது கேட்கவே இல்லை. அவள்தான் முழங்கையால் இடித்தாள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அவசரப்படவில்லை அவள். எத்தனை மாசத்துக்குள் முடிக்க வேண்டும், முடித்த பிறகு எத்தனை காலம் பொறுப்பு என்று இருந்த இடத்தை மட்டும் தமிழினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு மழைக்காலம் உள்ளே வருகிறது என்று விரல்விட்டுப் பார்த்தாள். வரட்டும் என்று போட்டாள்.

ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தாள். ஆட்களுக்குச் சொல்வது இனி மேஸ்திரி வேலை இல்லை, கான்ட்ராக்டர் வேலை என்று தாண்டவராயன் கேலி பண்ணினான். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சின்னப்பொண்ணு முதல் மணியிலேயே எடுத்தாள். கூலி ஏறுமா என்று கேட்டாள். வாய்தான் ஏறும் என்றாள் ஜெயக்கொடி. குரு, நான் வருகிறேன், ரஞ்சித்தை மட்டும் பிடி, அவன் பெங்களூர் வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான் என்றான். அவள் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வைத்தாள். ரஞ்சித்துக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து, நின்றுபோகும் நேரத்தில் எடுத்தான். பின்னால் பஸ் ஸ்டாண்டுச் சத்தம்.

"எங்கடா கீற?"

"திருவண்ணாமல பஸ்சுக்கு நிக்கிறேன்க்கா. அங்கேருந்து பெங்களூரு. பை எல்லாம் கட்டிட்டேன்."

"அவுத்துடு. திங்கக்கெழம ஜல்லி எறங்குது."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அதில் ஏறிவிட்டானோ என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாரு பேர்லக்கா வேல?" என்றான் ரஞ்சித்.

"என் பேர்லடா."

"அப்ப சனிக்கெழம கரெக்டா கூலி வந்துடும்" என்றான். அம்மாவுக்கு இப்போதே போன் போட்டுச் சோறு வைக்கச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.